மண்ணைத் தொடாத சுவர்

பசுபதி வாத்தியார் நாள் குறித்துக் கொடுத்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. சிம்மக்கல் மொத்த வியாபாரிகளிலிருந்து கே.கே. நகர் டாக்டர்கள் வரை, மனை வாங்கினால் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கார்ப்பரேஷன் பக்கம் போவது அதற்கப்புறம்தான். எந்த மூலையில் முதல் கடப்பாரை இறங்க வேண்டும், எப்போது நிலை வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வர வேண்டும். ஒரு தடவை துணிக்கடை முதலாளி ஒருவர், கான்கிரீட் லாரி வாசலில் வந்து உருண்டுகொண்டிருக்க, இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைக்கும் வரை வேர்த்துக் கொட்ட நின்றிருக்கிறார். அந்த மரியாதையில் வாத்தியாருக்கு ஒரு ருசி உண்டு. அதைக் குற்றம் சொல்வதற்கில்லை. ருசி இல்லாமல் யாராலும் ஒரே தொழிலை நாற்பது வருஷம் செய்ய முடியாது.

அப்பேர்ப்பட்டவருடைய சொந்த வீட்டில், அதுவும் அவர் குறித்த நாளால் நடந்தது இது.

சிம்மக்கல்லுக்கு உள்ளே, இரண்டு ஸ்கூட்டர்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய சந்து ஒன்றில் அந்த வீடு. தாத்தா கட்டியது. நீளமான கூடம், தேக்கு உத்திரம், கற்பலகை பாவிய தரை. அப்பா காலமானதும் பசுபதிக்கும் தம்பி ஜெயராமுக்கும் பூஜைப் பெட்டி யாரிடம் இருப்பது என்று ஆரம்பித்த வாக்குவாதம், நடுக்கூடத்தில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொள்வது என்பதில் வந்து நின்றது. அது புரட்டாசி மாதம். புரட்டாசியில் வாஸ்து புருஷன் விழிப்பதில்லை, அந்த மாதம் மண்ணைத் தோண்டி வீட்டு வேலை ஆரம்பிக்கக் கூடாது. இதை ஊருக்கெல்லாம் சொல்கிறவர் பசுபதி.

"ஐப்பசி வரட்டும்ணா. நாள் பாத்துக் கட்டிக்கலாம்" என்றார் ஜெயராம். மின்வாரியத்தில் கிளார்க். பொறுமைசாலி.

பசுபதிக்கு ஐப்பசி வரை தம்பி முகத்தில் விழிக்கப் பொறுக்கவில்லை. யோசித்தார். மண்ணைத் தோண்டினால்தானே தோஷம்? தோண்டாமலே கட்டிவிட்டால்? கூடத்துக் கற்பலகையின் மேலேயே, அஸ்திவாரம் எடுக்காமல், ஒன்பது இஞ்சுச் செங்கல் சுவர் நேராக எழும்பியது. கொத்தனாருக்கு ஆள் போதாமல் அண்ணனும் தம்பியுமே செங்கல் சுமந்து கொடுத்தார்கள். உத்திரத்தை முட்டியதும் பூசி வெள்ளையடித்தாகிவிட்டது. சாஸ்திரமும் தப்பவில்லை, காரியமும் ஆயிற்று என்று பசுபதிக்கு அப்போது உள்ளூர ஒரு பெருமை. ஜெயராமின் மனைவி ஸ்யாமளா அந்தச் சமயம் பிரசவத்துக்காகப் பிறந்தகத்தில் இருந்தாள். குழந்தை ஸ்ரீலக்ஷ்மியைத் தூக்கிக்கொண்டு அவள் திரும்பி வந்தபோது கூடம் பாதியாகியிருந்தது. சுவருக்கும் ஸ்ரீலக்ஷ்மிக்கும் ஒரே வயது.

அன்றோடு பேச்சு நின்றது. அந்தக் கொத்தனார் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. கொரோனா சமயத்தில் ஜெயராமும் போய்விட்டார். பங்காளி என்ற முறைக்கு பசுபதி வாசல்படியில் நின்று பார்த்தார், பத்து நாள் தீட்டுக் காத்தார், அவ்வளவுதான். ஸ்ரீலக்ஷ்மி கோயம்புத்தூரில் வேலைக்குப் போனாள். ஸ்யாமளா தன் பாதியில் தனியாக இருந்தாள். அவள் வீட்டுக் குக்கர் சத்தமும் மாலைச் சீரியலும் இருமலும் சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தன. சுவர் எதன் மேல் நிற்கிறது என்பது தெரிந்த ஒரே ஆள் பசுபதி என்றாகிவிட்டது.

அவருடைய மகன் கிரிதர், சுவர் எழும்பியபோது நடை பழகாத குழந்தை, இப்போது மருந்துக் கம்பெனியில் ஏரியா மேனேஜர். தங்கமான பையன். அப்பா ஒரு வார்த்தை சொன்னால் ஏன் என்று கேட்டு வளர்ந்தவன் இல்லை. அவனுக்குப் பழைய பாதியை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும், தரைக்கு அடியில் ஒரு கிடங்கு எடுத்து மசாலாக் கடைக்காரர் யாருக்காவது வாடகைக்கு விட வேண்டும் என்று ஆசை. மேலே உயர்த்திக் கட்டலாமே என்றால் முடியாது. ஊர் நடுவே இருக்கும் பெரிய கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் ஒன்பது மீட்டருக்கு மேல் எந்தக் கட்டடமும் போகக் கூடாது. கோபுரத்தை மறைக்கக் கூடாதென்று போட்ட விதி, நல்ல விதிதான். ஆனால் ஆசையை ஒரு பக்கம் மூடினால் அது இன்னொரு பக்கம் வழி தேடும். வானத்துக்குப் போக முடியாதவர்கள் அந்தப் பகுதியில் பூமிக்குள் போகிறார்கள். கிரிதரும் பிளான் போட்டான், ஒவ்வொரு மேஜையாக அலைந்தான், ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்து ஒருவழியாக அனுமதி வந்தது.

பிளான் போட்ட இன்ஜினியர் இம்மானுவேல் அப்போதே பசுபதியிடம் நேரடியாகக் கேட்டார்.

"சாமி, உங்க பாதிய இடிச்சிட்டா அந்தம்மா வீட்டு மச்சு மொத்தமும் இந்த நடுச்சுவர் மேலதான் நிக்கும். இதுக்கு அஸ்திவாரம் எப்படி?"

சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் சுவரை முதலில் எடுத்துக் கட்ட வேண்டும். பொதுச்சுவர் என்பதால் ஸ்யாமளா கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு அவள் வாசல் ஏற வேண்டும். கிரிதர் மறுபடி மேஜை மேஜையாக அலைய வேண்டும். இதெல்லாம் கூடப் பரவாயில்லை. பூமி பூஜை செய்யாமல் ஒரு செங்கல் வைக்காதே என்று ஊருக்குச் சொல்லும் வாத்தியார், புரட்டாசி மாதத்தில் கடவுளையே ஏமாற்றித் தரைமேல் சுவர் வைத்த கதை சந்து முழுக்கச் சிரிப்பாய்ச் சிரிக்கும்.

"தாத்தா காலத்து அஸ்திவாரம்" என்றார் பசுபதி.

இம்மானுவேல் நம்பினார். ஒரு புரோகிதர் எதற்குப் பொய் சொல்லப் போகிறார்?

மாசி மாதம் வேலை ஆரம்பமாயிற்று. குடும்பம் கே.கே. நகரில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனது. பசுபதி தினமும் டவுன் பஸ் ஏறி வந்து சந்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். அவருடைய பாதி இடிந்து விழுந்தது. குறுக்கே ஓடிய உத்திரங்களைச் சுவரோரமாக அறுத்தார்கள். அஸ்திவாரமில்லாத சுவர், ஸ்யாமளா வீட்டு மச்சைத் தலையில் தாங்கிக்கொண்டு, வெயிலில் பளீரென்று நின்றது. பசுபதி அதைப் பார்க்க மாட்டாமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

வேலை எடுத்தவன் அலங்காநல்லூர்ப் பக்கத்துக் காண்ட்ராக்டர் காளை. அவனிடம் இம்மானுவேல் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சுவரோரம் முழுநீளத்துக்கும் ஒரே மூச்சில் பள்ளம் எடுக்கக் கூடாது. நாலடி எடு, கம்பி கட்டிக் கான்கிரீட் போடு, அது இறுகட்டும், அப்புறம் இடம் விட்டு அடுத்த நாலடி. மிஷின் வேண்டாம், ஆள் வைத்துத்தான் தோண்ட வேண்டும். அனுமதிக் காகிதத்திலும் இதுதான் இருந்தது.

அதன்படியே இரண்டு ஓரங்களிலும் முதலில் தோண்டினார்கள். அங்கே தாத்தா காலத்துக் குறுக்குச் சுவர்களின் கல் அஸ்திவாரம் ஆளுயரத்துக்குக் கீழே போயிருந்தது. இம்மானுவேல் குழிக்குள் இறங்கித் தட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"யானை நின்னாலும் தாங்கும் சாமி. நீங்க சொன்னது சரிதான்."

பசுபதி நடுப்பகுதியைப் பார்த்தார். அங்கே இன்னும் மண் அப்படியே இருந்தது. கூடிய சீக்கிரம் கடப்பாரை அங்கேயும் வரும்.

அன்று சாயங்காலம் கிரிதர் வாடகை வீட்டுக்கு வந்து, காபியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிப் பேசினான்.

"அப்பா, வேலை முடியற வரைக்கும் சித்தியை வேற எங்கயாவது இருக்கச் சொல்லுங்கோன்னு இன்ஜினியர் சொன்னார். விதிப்படி பக்கத்து வீட்டுக்காராளுக்குச் சொல்லணுமாம். போய்ச் சொன்னேன்."

"என்ன சொன்னா?"

"உங்கப்பா வந்து கேக்கட்டும், அந்த நிமிஷமே கிளம்பறேன்னா."

பசுபதி மேல்துண்டை உதறி மடித்தார்.

"ஒரு நடை வந்துட்டுப் போங்களேன்ப்பா. வாசல்ல நின்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்."

"பாக்கலாம்" என்றார்.

இந்தப் 'பாக்கலாம்' இருக்கிறதே, நம் வீடுகளில் இதைப்போல் எத்தனை பேரைக் காக்க வைத்திருக்கிறது. மறுநாள் அவர் சந்தில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது ஸ்யாமளாவின் கதவு திறந்தே இருந்தது. வழக்கமாகச் சாத்தியிருக்கும் கதவு. பத்தடி தூரம்கூட இல்லை. எழுந்து போய்விடலாம் என்று இரண்டு தடவை வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார். போனால் அவள் என்ன சொல்வாள்? இத்தனை வருஷம் கழித்து உங்களுக்குக் காரியம் ஆக வேண்டியிருக்கு என்றா வந்தேள் என்று கேட்டுவிட்டால்? காளையின் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வெயில் ஏறியது. அவர் பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிட்டார்.

ஆனால் பயம் விடவில்லை. நிஜமாகவே பயந்தார். சாப்பாடு இறங்கவில்லை. உண்மையைச் சொல்ல முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. அப்போதுதான் அவருக்குக் கைவந்த வித்தை ஞாபகம் வந்தது. நாற்பது வருஷமாக யாரையும் எந்த வேலையையும் ஒரே வார்த்தையில் நிறுத்த அவருக்கு ஒரு வழி இருந்ததே.

"கிரி" என்று கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமைலேர்ந்து மண்ணைத் தொடப்படாதுடா."

"ஏம்ப்பா?"

"கிரகம் சரியில்லை. பதினஞ்சு நாள் போகட்டும். அதுவரைக்கும் பூமியில கடப்பாரை படப்படாது."

பஞ்சாங்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை. அவர் வாயில் வந்ததைச் சொன்னார். நாலடி நாலடியாகத் தோண்டினால் வெள்ளிக்குள் நடுப்பகுதிக்கு வர மாட்டார்கள், அப்புறம் பதினைந்து நாளில் ஏதாவது வழி பிறக்கும், ஸ்யாமளாவிடம் போகத் தைரியம் வரும், இல்லாவிட்டால் இம்மானுவேலைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்பது கணக்கு. கிரிதர் ஒரு கணம் அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

"சரிப்பா" என்றான். பால்கனிக்குப் போய் யாருக்கோ போன் செய்தான். காளைக்குத்தான், வேலையை நிறுத்தச் சொல்கிறான் என்று பசுபதிக்கு நிம்மதி. ரொம்ப நாளைக்கப்புறம் அன்று அவர் அடித்துப் போட்டாற்போல் தூங்கினார். இனிப் பயமில்லை என்று மறுநாள் புதன்கிழமை சந்துப் பக்கமே போகவில்லை.

வியாழக்கிழமை அவருக்கு அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பூமி பூஜை. காளையின் தம்பி அழகுபாண்டி கரும்புத் தோட்டத்தை ஒட்டி வீடு கட்ட ஆரம்பிக்கிறான். தோண்டும் மிஷின் ஒன்று வைத்து வாடகைக்கு விட்டுக்கொண்டிருப்பவன். காலையிலேயே கார் அனுப்பி வாத்தியாரை அழைத்துப் போனார்கள். பந்தல் போட்டு, பங்காளிகள் எல்லாம் புது வேட்டியோடு கூடியிருந்தார்கள். பசுபதி செங்கல்லுக்கு மஞ்சள் பூசி, மந்திரம் சொல்லி, ஈசான்ய மூலையில் முதல் கடப்பாரையை அழகுபாண்டியின் கையில் கொடுத்தார். மண் பொலபொலவென்று விழுந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்து, இலை போடும் நேரத்தில் அவர் சுற்றிலும் பார்த்தார்.

"உங்க அண்ணன் எங்கப்பா? காளையைக் காணோமே."

"அண்ணே எங்குட்டு வர்றது சாமி, உங்க வீட்டு வேலைதான்" என்றான் அழகுபாண்டி. "நம்ம சின்ன மிஷினும் ரெண்டு நாளா அங்கதான் ஓடுது. நேத்து சந்துக்குள்ள கொண்டுபோறதுக்குள்ள டிரைவருக்குத் தாவு தீந்துபோச்சு. வெள்ளிக்கெழமையில இருந்து மண்ணத் தொடக்கூடாதுன்டு நீங்க சொல்லிட்டீகளாம்ல. அதுக்குள்ள அம்புட்டுப் பள்ளத்தையும் எடுத்துப்புடணும்ன்டு உங்க மகன் ஒத்தக் கால்ல நிக்கிறாரு."

பசுபதி இலையைத் தள்ளி வைத்தார்.

நிறுத்தச் சொல்லிச் சொன்ன பொய். பையன் அதை எப்படி எடுத்துக்கொண்டான் பாருங்கள். வெள்ளிக்கிழமையிலிருந்து தொடக் கூடாது என்றால் அதற்குள் முடித்துவிட வேண்டும், அதுதானே அப்பா சொல்லைக் காப்பாற்றும் வழி? நாலடி நாலடியாகத் தோண்டினால் முடியாது. மிஷின் வேண்டும். இன்ஜினியரிடம் சொன்னால் வேண்டாம் என்பார், அதனால் சொல்லவில்லை. இந்தச் சுவருக்கு யானை தாங்கும் அஸ்திவாரம் என்று அவரே தட்டிப் பார்த்துச் சொன்னதுதானே.

பசுபதி போனை எடுத்தார். நெடுநேரம் மணியடித்து கிரிதர் எடுத்தான். பின்னால் மிஷின் உறுமியது.

"நிறுத்துடா" என்றார் பசுபதி.

"என்னப்பா?"

"மிஷினை நிறுத்து. நிறுத்துன்னா நிறுத்து."

"ஏம்ப்பா? நடுவுல கொஞ்சம்தான் பாக்கி. ஏதாவது தோஷமா?"

பந்தலில் பேச்சு அடங்கிவிட்டது. அழகுபாண்டி, அவன் மனைவி, புது வேட்டிப் பங்காளிகள் எல்லோரும் வாத்தியாரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் வீட்டு மண்ணில் இப்போதுதான் அவர் சொல்லி முதல் கடப்பாரை விழுந்திருக்கிறது. அந்தச் சுவருக்குக் கீழே ஒன்றும் இல்லை என்று நாலு வார்த்தை. தொண்டை வரை வந்தது. எத்தனையோ ஆயிரம் மந்திரம் தடங்கலில்லாமல் ஓடிய தொண்டை.

"ஆமாம்" என்றார். "நேரம் சரியில்லை."

"ராகு காலம் ஒன்றரைக்குத்தானேப்பா? நான் பாத்துட்டுத்தான் ஆரம்பிச்சேன். அதுக்குள்ள முடிச்சுடறேன், கவலைப்படாதீங்கோ." போன் வைத்தாகிவிட்டது. மறுபடி அடித்தார், எடுக்கவில்லை. மறுபடி அடித்தார்.

"கொண்டுபோய் விடுப்பா" என்று அழகுபாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டார். கார் சாமான் எடுக்கப் போயிருந்தது. பைக்கிலேயே உட்கார வைத்துக் கிளப்பினான். கரும்பு லாரிகளுக்கிடையே நெளிந்து நெளிந்து வண்டி பறந்தது. பாதி வழியில் பசுபதி அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து, "அந்தச் சுவருக்கு அஸ்திவாரம் கிடையாதுப்பா" என்றார். காற்றில் அவனுக்குக் கேட்கவில்லை. "என்ன சாமி?" என்று தலையைத் திருப்பினான். அவர் இன்னொரு தடவை சொல்லவில்லை. நிறுத்திச் சொல்லியிருந்தால் அவன் டிரைவரைக் கூப்பிட்டிருப்பான். மிஷின் அவனுடையது, அவன் சொன்னால் அந்தக் கணமே நின்றிருக்கும். இது அவருக்குப் பின்னால்தான் உறைத்தது. அப்புறம் உறைக்காத நாளே இல்லை.

சந்துக்கு வெளியிலேயே கூட்டம். தூசி இன்னும் அடங்கவில்லை. சாக்கடை ஓரத்தில் காளை தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். மிஷின் ஓட்டியவன் குதித்துத் தப்பிவிட்டான். சுவரோரத்து மண் முழுநீளத்துக்கும் எடுபட்டதும், கற்பலகைகள் கொஞ்ச நேரம் வெற்றிடத்தில் நீட்டிக்கொண்டு நின்றிருக்கின்றன. பிறகு சுவர் அப்படியே பள்ளத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டது. அதை நம்பியிருந்த உத்திரங்களும் மச்சும் ஸ்யாமளாவின் கூடத்தில் இறங்கிவிட்டன. சமையலை முடித்துவிட்டு அவள் வழக்கம்போல் சுவரோரம் குளிர்ச்சிக்குத் தலைசாய்த்திருந்த நேரம்.

கிரிதர் வெறுங்கையால் செங்கற்களை வாரி எறிந்துகொண்டிருந்தான். நகங்களில் ரத்தம். தீயணைப்புக்காரர்கள் அவனை இழுத்து அப்பால் நிறுத்தினார்கள். "சித்தி, சித்தி" என்று முனகிக்கொண்டே இருந்தான். அவர்கள் அவளை வெளியே எடுத்தபோது முகத்தில் காயமே இல்லை. சுண்ணாம்புத் தூள் மட்டும் படிந்திருந்தது. உயிர் இல்லை.

தகவல் கேட்டு இம்மானுவேல் ஓடி வந்தார். பள்ளத்தின் விளிம்பில் நின்று, மிச்சமிருந்த சுவரின் அடிப்பாகத்தைப் பார்த்தார். ஓரங்களில் பழைய கல் அஸ்திவாரம். நடுவில் கூடத்துக் கற்பலகை. அதன் மேல் செங்கல். அதற்குக் கீழே மண், மண்ணைத் தவிர வேறொன்றும் இல்லை. அவர் திரும்பிப் பசுபதியைப் பார்த்தார்.

"சாமி, அஸ்திவாரம் இருக்குன்னு சொன்னீங்களே."

பசுபதியின் உதடு அசைந்தது. கிரிதர் முந்திக்கொண்டான்.

"அப்பாவுக்கு எப்படி சார் தெரியும்? பழைய வீடு. தப்பு என்னுது. மிஷின் வெச்சது நான்தான்."

போலீஸிலும் அதையேதான் சொன்னான். ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டதற்கு, என்னுடைய அவசரம் என்றான். அப்பா நாள் சொன்னதை அவன் வாய் திறந்து சொல்லவே இல்லை. அவனையும் காளையையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பசுபதி சந்தில் அவருடைய பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியாஸ்பத்திரியிலிருந்து மறுநாள் காலை உடலைக் கொடுத்தார்கள். வீட்டுக்குள் யாரும் போகக் கூடாதென்று கயிறு கட்டியிருந்ததால் சந்து முனையிலேயே ஒரு துணிப் பந்தல் போட்டுக் கிடத்தினார்கள். ஸ்ரீலக்ஷ்மி கோயம்புத்தூரிலிருந்து வந்து அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுகை ஓய்ந்து போயிருந்தது. ஆண் வாரிசு இல்லாததால் பங்காளி வீட்டுப் பையன்தான் கொள்ளி வைக்க வேண்டும் என்று அபரக் காரியம் செய்யும் வாத்தியார் சொன்னார். இருப்பவன் கிரிதர் ஒருத்தன்தான். காரியம் முடியும் வரை என்று இன்ஸ்பெக்டர் இரக்கப்பட்டு, கூடவே ஒரு போலீஸ்காரரைப் போட்டு அனுப்பியிருந்தார். கிரிதர் ஈர வேட்டியோடு உட்கார்ந்து, கட்டுப்போட்ட விரலில் தர்ப்பைப் பவித்திரத்தை மாட்டிக்கொண்டான். நிமிர்ந்து யாரையும் பார்க்கவில்லை.

தூக்குவதற்கு ஆள் வரவில்லை. தத்தநேரிச் சுடுகாட்டுக்குப் போக வேண்டிய வண்டியும் வரவில்லை. அபர வாத்தியார் சந்து முனையை எட்டி எட்டிப் பார்த்துவிட்டுச் சலித்துக்கொண்டார்.

"இன்னிக்கு எவனும் கிடைக்க மாட்டான். மாசியில இதைவிடப் பெரிய முகூர்த்தம் கிடையாது. ஊர்ல அத்தனை மண்டபமும் கல்யாணம். தெருவெல்லாம் கார்."

அடுத்த தெரு மண்டபத்திலிருந்து கெட்டிமேளம் கேட்டது. கிரிதரின் தலை மெல்ல நிமிர்ந்தது.

"இன்னிக்கு முகூர்த்த நாளா மாமா?"

"என்னடா கேள்வி இது? வளர்பிறை, வெள்ளிக்கிழமை, நல்ல நட்சத்திரம். வீடு கட்ட, குடி போக எல்லாத்துக்கும் உகந்த நாள். உங்கப்பாவைக் கேளேன், அவருக்குத் தெரியாததா."

கிரிதர் அப்பாவின் பக்கம் திரும்பினான். கோபம் இல்லை. கணக்குப் புரியாத பையன் வாத்தியாரைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"அப்பா, வெள்ளிக்கிழமைலேர்ந்து மண்ணைத் தொடப்படாதுன்னேளே."

பசுபதி எழுந்து நின்றார். உட்கார்ந்தபடி சொல்ல முடியும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"நாள்ல ஒரு குறையும் இல்லைடா" என்றார். "அந்தச் சுவரை நானும் ஜெயராமும்தான் கட்டினோம். புரட்டாசியில. தோண்டப்படாதேன்னு தரைமேலயே வெச்சுக் கட்டினோம். கீழ ஒண்ணும் இல்லைன்னு எனக்குத் தெரியும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரலை. வேலையை நிறுத்தணும்னு நாளைச் சொன்னேன்."

கெட்டிமேளம் ஓய்ந்து நாதஸ்வரம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மாவின் நெற்றியில் கையை வைத்தபடியே ஸ்ரீலக்ஷ்மி பேசினாள். சத்தம் போடவில்லை.

"செவ்வாய்க்கிழமையே அம்மா எனக்கு போன் பண்ணினா. பெரியப்பா வந்து கேக்கப்போறாராம்டி, துணிமணி எல்லாம் பையில எடுத்து வெச்சுட்டேன், வேலை முடியற வரைக்கும் உங்கிட்ட வந்து இருக்கேன்னு சொன்னா. நேத்துக் காலையிலயும் பேசினா. கதவைத் திறந்தே வெச்சிருக்கேன், இன்னும் வரலைன்னா."

பசுபதிக்கு அந்தத் திறந்த கதவு கண்முன் வந்தது. பத்தடி தூரம். அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஒருவரும் அவரைத் தேற்ற வரவில்லை. வரவும் கூடாது.

கிரிதர் பவித்திரத்தைக் கழற்றினான். ஸ்ரீலக்ஷ்மியின் முன்னால் வைத்து, "நான் செய்யறதுக்கு இல்லை. நீயே பண்ணு" என்றான். அவள் அதை எடுத்து அவன் கையிலேயே திரும்ப வைத்தாள்.

"போட்டுக்கோண்ணா. நீ வந்து கேட்டியாமே. அதையும் அம்மா சொன்னா."

பசுபதி பந்தலை விட்டு வெளியே வந்தார். சந்து முனையில் பைக்கில் சாய்ந்து நின்ற போலீஸ்காரர் எதையும் கவனிக்காதவர் போல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிண்டு போங்கோ" என்றார் பசுபதி. "இப்ப சொன்னதை அங்க எழுதிக்கட்டும். பையன் மேல எழுதினதுல பாதி என்னுது."

போலீஸ்காரர் சங்கடத்தோடு நெளிந்தார். வயசு குறைவு. ஊர்ப் பக்கத்து ஆள்.

"உங்க மகனை விட்டுட்டு நான் எங்குட்டுப் போக முடியும் சாமி? காரியம் முடியட்டும், எல்லாரும் சேந்தே போவோம். மணி பத்தரை ஆச்சு, ராகு காலம் வேற."

"பரவால்லப்பா" என்றார் பசுபதி. "ஸ்டேஷன் எந்தப் பக்கம்னு சொல்லு. நான் நடந்தே போறேன்."

போலீஸ்காரர் கையைக் காட்டினார். கல்யாணக் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த தெருவில் அவர் இறங்கி நடந்தார்.